பாக்கெட் எங்கே தொலைகிறது?

எங்கள் ஆய்வகத்தில் ஒரு கணினி ஓடினால் இணையம் சீராக வரும். இருபது பிள்ளைகள் இணையவழித் தேர்வுக்கு உட்கார்ந்தால் பாதியில் நின்றுவிடும். இணைப்பின் வேகம் போதாது என்றே நானும் புகார் எழுதினேன்.

பிறகுதான் ரௌட்டரின் முகவரிக்கே 'பிங்' அனுப்பிப் பார்த்தேன். அறை காலியாக இருக்கையில் எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. எல்லோரும் வேலை செய்கையில் பல தொலைந்தன. பாக்கெட் பள்ளியைத் தாண்டவே இல்லையே, வெளி இணைப்பை எப்படிக் குறை சொல்வது? ரௌட்டரின் செயலிக்கும் பளு இல்லை. ஆனால் அதன் போர்ட்டில் பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் போர்ட்டை யாரோ 100 மெகாபிட், 'ஃபுல் டூப்ளெக்ஸ்' என்று நிலையாக அமைத்திருந்தார்கள். 'ஆட்டோ'வில் இருந்த சுவிட்ச், மறுமுனையிலிருந்து பதில் இல்லாததால் 'ஹாஃப் டூப்ளெக்ஸ்' ஆகியிருந்தது. ஒரு முனை கேட்டுக்கொண்டே பேசும்; மற்றது ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் செய்யும். நெரிசலில் மோதின.

இரண்டையும் 'ஆட்டோ'வுக்கு மாற்றியதும் எண்ணிக்கை நின்றது. அடுத்த தேர்வை இருபது பேரும் முடித்தார்கள்.