ராக்கர் ஆர்முக்கு எந்த லாக் நட்?

1955-இல் வந்த ஷெவ்ரலே ஸ்மால் பிளாக் வி-8 எஞ்சினில் ராக்கர் ஆர்ம்களைத் தாங்கப் பொதுவான ஷாஃப்ட் கிடையாது. ஒவ்வொரு ராக்கருக்கும் சிலிண்டர் ஹெட்டில் தனி ஸ்டட், அதில் கோர்த்த அரைக்கோளக் குண்டு, குண்டின் தலையில் ஒரு நட். வால்வு இடைவெளியை அமைப்பதும், அமைத்ததைக் கலையாமல் காப்பதும் இந்த ஒரே நட்டின் வேலை.

அந்த நட் எவ்வளவு நகர்ந்தால் கெடுதல்? ஸ்டட்டின் விட்டம் 3/8 அங்குலம். அங்குலத்துக்கு 24 மரை. ஒரு சுற்றுக்கு நட் ஏறத்தாழ 1.06 மி.மீ. ஏறும். ராக்கர் விகிதம் 1.5 என்றால் வால்வு முனையில் அது இரண்டரை மடங்காகத் தெரியும். ஆகவே பத்தில் ஒரு சுற்று தளர்ந்தாலே கால் மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடிவிடும். சாலிட் டேப்பட் எஞ்சின்களில் மொத்த இடைவெளியே அரை மி.மீ. அளவுதான். ஹைட்ராலிக் டேப்பட் இதைப் பொறுத்துக்கொள்ளும். நட்டை இறுக்கி உள்ளே கொடுத்த முன்னழுத்தம் தீரும்வரை சத்தம்கூட வராது. எனவே முதலில் பார்க்கவேண்டியது டேப்பட் எந்த வகை என்பதையே.

கம்பெனி பொருத்திய நட்டின் மேல் விளிம்பு லேசாக நெரிக்கப்பட்டிருக்கும். வட்டம் குலைந்த அந்த மரை ஸ்டட்டைக் கவ்விப் பிடிக்கிறது. விலை குறைவு, உயரமும் குறைவு. பழைய வால்வு கவர் அப்படியே உட்காரும். ஆனால் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் பிடி குறையும். ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே சுற்ற முடிகிற நட்டைத் தூக்கி எறிந்துவிடவேண்டும். ஹைட்ராலிக் டேப்பட், தகட்டில் அடித்த சாதாரண ராக்கர், மென்மையான ஸ்பிரிங் என்றிருக்கும் சாலைக் காருக்கு இந்த வகையில் புதிய நட்டுகள் 16 வாங்கினால் போதும். அதற்குமேல் செலவழிப்பது பெரும்பாலும் ஆசைக்காகத்தான்.

நைலான் வளையம் வைத்த நட் கடையில் எளிதாகக் கிடைக்கும். ஆனால் சூடான எண்ணெயில் நைலான் இளகும். இந்த இடத்துக்கு அது வேண்டாம்.

சாலிட் டேப்பட்டுக்கும் ரோலர் ராக்கருக்கும் பாலி லாக் வேண்டும். இது நீண்ட குழல் போன்ற நட். உள்ளே மேலிருந்து இறங்கும் ஓர் ஆலன் ஸ்க்ரூ. இடைவெளியை வைத்தபின் நட்டை ஸ்பேனரால் அசையாமல் பிடித்து, ஆலன் ஸ்க்ரூவை ஸ்டட்டின் உச்சியில் மோதும்படி இறுக்கவேண்டும். இறுக்கும்போது இடைவெளி சற்று மாறும் என்பதால் ஃபீலர் கேஜை மறுபடி நுழைத்துப் பார்ப்பது அவசியம். எத்தனை முறை கழற்றினாலும் பிடி குறையாது என்பதே இதன் பெரிய லாபம். பாலி லாக் நழுவுகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டட்டின் உச்சி. நெரித்த நட்டுக்கான பழைய ஸ்டட்டுகளில் உச்சி கரடுமுரடாக இருக்கும்; ஸ்க்ரூவுக்குச் சமதளம் கிடைக்காது. உச்சியைத் தட்டையாகச் சீவவேண்டும், இல்லையேல் தட்டை உச்சியுள்ள ஸ்டட் வாங்கவேண்டும். நட்டின் அடிப்பகுதி ராக்கரின் இடுக்கில் உரசாமல் இறங்குகிறதா, வால்வு கவரில் முட்டுகிறதா என்பதையும் வாங்குமுன் அளந்துகொள்ளவேண்டும்.

சாதாரண நட்டின்மேல் செக் நட் போடுவதும் உண்டு. ராக்கர் முனையிலேயே ஸ்க்ரூ உள்ள ஃபோக்ஸ்வாகன் பீட்டில் போன்ற எஞ்சின்களில் அதுதான் முறை. சென்னையில் தயாரான பழைய புல்லட்டில் புஷ் ராடின் அடியில் இருப்பதும் செக் நட்டே. ஸ்டட் ராக்கரில் மட்டும் அது அவ்வளவு சிலாக்கியமில்லை. இரண்டு நட்டுக்கு ஸ்டட் நீளம் போதாது. போதுமானாலும் மேல் நட்டை இறுக்கும்போது கீழ் நட் நகரும்.

பாண்டியாக் வி-8 எஞ்சின்களில் ஸ்டட்டிலேயே தோள் இருக்கும். நட்டைத் தோள்வரை இறுக்கினால் வேலை முடிந்தது, அமைக்க எதுவுமில்லை. ஹெட்டைச் சீவினாலோ கேம் மாற்றினாலோ புஷ் ராடின் நீளத்தை மாற்றித்தான் சரிசெய்யமுடியும்.

ஒரே வால்வில் இடைவெளி திரும்பத் திரும்பக் கூடினால் நட்டைக் குறைசொல்லுமுன் ஸ்டட் உச்சிகளின்மேல் ஒரு நேர்ச்சட்டத்தை வைத்துப் பார்க்கவேண்டும். ஷெவ்ரலே ஹெட்டில் ஸ்டட் அழுத்திச் செருகப்பட்டது. கடினமான ஸ்பிரிங் அதை மெல்ல மேலே இழுத்துவிடும். அப்படி எழும்பிய ஸ்டட்டுக்கு எந்த நட்டும் உதவாது. ஹெட்டில் மரை வெட்டித் திருகும் ஸ்டட் போடவேண்டும்.