சிவப்பு மறைந்த பிறகும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

கண்வலி நின்றுவிட்டது, வெளிச்சமும் கூசவில்லை, அதனால் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டேன் என்று போனில் சொன்னாய். கேட்டதிலிருந்து அத்தைக்கு மனசு சரியில்லை.

உனக்கு வந்திருப்பது மெட்ராஸ் ஐ இல்லை. அது கண்ணின் மேல்பரப்போடு போய்விடும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். உனக்கு வந்திருக்கும் யுவைடிஸ் கண்ணுக்கு உள்ளே வரும் அழற்சி. வெளியே சிவப்பு மறைந்தாலும் உள்ளே வெள்ளணுக்கள் மிதந்துகொண்டிருக்கலாம். கண்ணாடியில் பார்த்தால் தெரியாது, டாக்டர் ஸ்லிட் லேம்ப்பில் பார்த்தால்தான் தெரியும். அடங்காமல் விட்டால் கண்மணியின் விளிம்பு பின்னாலுள்ள லென்சோடு ஒட்டிக்கொள்ளும். சுற்றிலும் ஒட்டிவிட்டால் கண்ணுக்குள் ஊறும் நீர் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறும். விழித்திரையின் நடுவில் நீர் கோத்தால் எழுத்தே கலங்கும். கண்மணியை விரிக்கும் மருந்து போட்டால் படிக்க முடியவில்லை என்று அலுத்துக்கொண்டாயே, கண்மணி லென்சோடு ஒட்டாமல் காப்பாற்றுவது அதுதான்.

சொட்டு மருந்தில் இருக்கும் ஸ்டீராய்டைப் பற்றி உன் அப்பா பயப்படுவதில் நியாயம் உண்டு. நாள்கணக்கில்லாமல் போட்டால் கண்புரை வரலாம். சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும், அது வலிக்கவும் செய்யாது. மாத்திரையாக எடுத்தால் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கி மாதக்கணக்கில் போடுகிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். நீயாகத் தொடர்வதும் தவறு, நீயாக நிறுத்துவதும் தவறு. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அந்தக் கணக்கை டாக்டர் சொல்லட்டும்.

கண்ணுக்கு எதற்கு மார்பு எக்ஸ்ரே என்று வீட்டில் கேட்டார்களாமே. காசநோயும் இந்த அழற்சியைக் கொண்டுவரும், அது இருக்கிறதா என்று பார்க்கத்தான் எக்ஸ்ரே. வேறு கிருமிகளாலும் வரலாம். 1993இல் மதுரையில் வெள்ளம் வந்த பிறகு பலருக்கு யுவைடிஸ் வந்தது. எலிச்சிறுநீர் கலந்த நீரால் பரவும் லெப்டோஸ்பைரா கிருமிதான் காரணம் என்று அரவிந்த் கண் மருத்துவமனையின் டாக்டர் ரத்தினமும் உடனிருந்தவர்களும் கண்டார்கள். காரணம் தெரியாமல் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் உள்ளிருக்கும் கிருமிக்கு இடம் கொடுத்ததாகிவிடும்.

திரும்பத் திரும்ப வந்தால் மெதோட்ரெக்சேட் போன்ற மாத்திரை உண்டு. அரவிந்தும் சேர்ந்து, பல நாடுகளில் 216 பேரிடம் நடத்திய ஆய்வு 2019இல் வெளிவந்தது. மெதோட்ரெக்சேட் எடுத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு, ஆறு மாதத்தில் ஸ்டீராய்டைக் குறைத்தும் கண் அடங்கியிருந்தது. ஒன்றை மட்டும் நெஞ்சில் எழுதிக்கொள்: அது வாரத்துக்கு ஒரு நாள் மருந்து. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. இடையிடையே ரத்தப் பரிசோதனையும் தவறக்கூடாது.

இன்னொன்று, நம் ஊர்க்காரி என்பதால் சொல்கிறேன். பட்டாசு ஆலையில் ஒருவருக்கு ஒரு கண் கிழிந்து காயப்பட்டால், அரிதாக, வாரங்கள் மாதங்கள் கழித்து நல்ல கண்ணிலும் அழற்சி வரும். அடிபடாத கண் கூசினால், மங்கினால், அன்றைக்கே காட்டச் சொல்.

நாளைக்கே அப்பாவோடு கிளம்பி மதுரைக்குப் போ. சீட்டையும் மருந்துப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொள். எத்தனை நாள் போடவில்லை என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்.

அன்புடன்,
அத்தை
திருத்தங்கல்