உம்மாவின் சீட்டுப் பணமும் ஒரு மடிக்கணனியும்

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல் தட்டில் பழைய மடிக்கணனி ஒன்று மூன்று வருடங்களாகக் கிடந்தது. 2022 ஆம் ஆண்டு ராத்தா பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோது வாங்கியது. அந்த வருடம்தான் டொலரின் பெறுமதி 200 ரூபாய் அளவிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபாய் அளவுக்கு ஏறியது. புதிய கணனிகளின் விலையை விசாரித்துவிட்டு வாப்பா ஒன்றும் பேசாமல் வீடு திரும்பினார். கடைசியில் உம்மா தன் ஒரு சோடிக் காப்பை விற்றார். 55,000 ரூபாய்க்குப் பாவித்த கணனி ஒன்று வந்து சேர்ந்தது.

“இது ஐ7. பத்து வருசத்துக்குப் பார்க்கத் தேவையில்லை” என்று விற்றவர் சொன்னார். நாங்கள் நம்பினோம். ஐந்தாவது மாதம் அது அணைந்தது, பிறகு எரியவே இல்லை. தாய்ப்பலகை பழுது என்றும், திருத்துவதற்குக் கணனியின் விலையளவு செலவாகும் என்றும் திருத்துபவர் சொன்னார். உத்தரவாதம் வாய்ச்சொல்லாகத்தான் இருந்தது. கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. மீதி வருடம் முழுக்க ராத்தா தோழிகளின் கணனிகளில், அவர்கள் தூங்கிய பிறகு கிடைத்த நேரத்தில் தன் ஒப்படைகளைச் செய்தார்.

இப்போது என்னுடைய முறை. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாகப் படிக்கிறேன். உம்மாவுக்குச் சீட்டு விழுந்தது. 90,000 ரூபாய். அதைத் தரும்போது அவர் சொன்னது ஒன்றுதான்: “இந்த முறை பார்த்து எடுங்க மகள்.”

பார்த்து எடுப்பதென்றால் எதைப் பார்ப்பது? இரண்டு மாதங்களாக அதைத்தான் ஒரு பாடம் போலப் படித்தேன். நான் படித்தவற்றைத் தோழிகளுக்கும் பெற்றோர்களுக்கும் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. முதலில் வேலையை எழுதுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில், கணனியில் நாம் செய்யப் போகும் வேலைகளை எழுத வேண்டும். என் தாளில் இருந்தவை: பைதன் நிரல்கள், தரவுத்தளப் பயிற்சிகள், இணையப் பக்கம் அமைத்தல், கட்டுரை தட்டச்சு, கடந்தகால வினாத்தாள்கள், சூம் வகுப்பு. இவற்றில் எதற்கும் தனியான வரைகலை அட்டை தேவையில்லை. விளையாட்டுக்கும் பெரிய காணொளித் தொகுப்புக்கும்தான் அது வேண்டும். இந்தத் தாள் கையில் இருந்தால், தேவையில்லாத ஒன்றைப் பெரிய விலைக்கு நம் தலையில் கட்ட முடியாது.

பணத்தையும் அப்போதே பிரிக்க வேண்டும். 90,000 இருந்தால் 90,000 க்கும் கணனி எடுக்கக் கூடாது. நான் 10,000 ரூபாயை ஒதுக்கி வைத்தேன். பாவித்த கணனிக்கு ஒரு நாள் பெற்றரி மாற்ற வேண்டி வரும்; பை ஒன்றும் வேண்டும்.

2. மலிவான புதியதா, தரமான பழையதா?

என் தொகைக்கு அருகில் புதிய கணனிகளும் இருந்தன. பெட்டி பிரிக்காதது, பளபளப்பானது. ஆனால் விவரத்தாளைப் பார்த்தால் செலரோன் செயலி, 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. இ.எம்.எம்.சி. சேமிப்பு. இ.எம்.எம்.சி. என்பது கைத்தொலைபேசியில் இருப்பது போலப் பலகையிலேயே ஒட்டப்பட்ட சேமிப்புச் சில்லு. அதைக் கழற்றிப் பெரிதாக மாற்ற முடியாது. விண்டோஸ் 11 கேட்கும் ஆகக்குறைந்த அளவே 4 ஜி.பி. ரேமும் 64 ஜி.பி. சேமிப்பும்தான். ஆகவே அந்தக் கணனி வாங்கிய நாளிலேயே தன் எல்லையில் நிற்கிறது.

இன்னொரு வகை உண்டு. பெரிய நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்காக மொத்தமாக வாங்கி, சில வருடங்களின் பின் கைமாற்றிவிடும் கணனிகள். டெல் லாட்டிடியூட், எச்.பி. எலிட்புக், லெனோவோ திங்பேட் ஆகியவை இந்த வகை. இவற்றைக் கட்டும்போதே நாளாந்தம் எட்டு மணித்தியால வேலைக்காகக் கட்டுகிறார்கள். மூட்டுகள் உறுதியானவை. பல மாதிரிகளில் அடித்தட்டைக் கழற்றி ரேம், சேமிப்பு, பெற்றரி ஆகியவற்றை மாற்றலாம். உதிரிப்பாகங்களும் கிடைக்கும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் பணம் 8 ஜி.பி. ரேமும் எஸ்.எஸ்.டி. சேமிப்பும் உள்ள புதிய கணனிக்கு எட்டுமானால், எழுத்து மூல உத்தரவாதத்தோடு புதியதையே எடுங்கள். எட்டாதபோதுதான் இந்தக் கேள்வி வருகிறது. அப்போது பலவீனமான புதியதை விட, சோதித்துப் பார்த்த உறுதியான பழையது மேல் என்பது என் முடிவு.

3. ஐ7 என்ற பெயரில் நாங்கள் ஏமாந்த இடம்

ராத்தாவின் கணனியின் அடியில் இருந்த ஒட்டியைப் பிறகுதான் வாசித்தேன். ஐ7-4600யூ. கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் இலக்கம் 4. அதாவது இன்டெல்லின் 4 ஆம் தலைமுறை. 2013 இல் வந்தது. அதற்கு இரண்டு கருக்கள்தான். 2017 இல் வந்த ஐ5-8250யூ என்ற 8 ஆம் தலைமுறைச் செயலிக்கு நான்கு கருக்கள். பெயரில் 5 தான், ஆனால் வேலையில் அந்த 7 ஐ விட நன்றாக முந்தும். 10 ஆம் தலைமுறையிலிருந்து முதல் இரண்டு இலக்கங்களைப் பார்க்க வேண்டும்: ஐ5-1135ஜி7 என்றால் 11 ஆம் தலைமுறை.

தலைமுறையைப் பார்க்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10 இற்கான மைக்ரோசொப்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இற்கு, இன்டெல் என்றால் பொதுவாக 8 ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். இதற்குக் கீழே உள்ள கணனிகளை இப்போது மலிவாகக் கொடுப்பார்கள். மலிவின் காரணம் தெரிந்து எடுத்தால் பிழையில்லை. உபுண்டு, மின்ட் போன்ற இலவச லினக்ஸ் இயங்குதளங்களை நிறுவி அவற்றில் பைதனும் கட்டுரையும் எழுதலாம். தெரியாமல் எடுத்தால்தான் நட்டம்.

நான் எழுதிக்கொண்ட ஆகக்குறைந்த அளவு: 8 ஆம் தலைமுறை ஐ5, 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. பழைய வன்றட்டில் தட்டு சுழல்கிறது, ஊசி நகர்கிறது. எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகம் எதுவும் இல்லை. அதனால் வேகம் அதிகம். பையில் வைத்து பஸ்ஸில் கொண்டு போகும்போது குலுக்கத்தால் கெடும் பயமும் குறைவு.

4. கடையில் அரை மணித்தியாலம்

வாப்பாவும் நானும் கல்முனையிலிருந்து இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனோம். முதற் கடையில் காட்டிய கணனி பார்க்க அழகாக இருந்தது. 8 ஆம் தலைமுறை, விலையும் கைக்குள். நான் கொப்பியைத் திறந்து சோதிக்கத் தொடங்கினேன். கடைக்காரர் அவசரப்பட்டார். வாப்பாவுக்குக் கூச்சம்.

“போதும் மகள். அவர்தான் நல்லது என்கிறாரே.”

“இன்னும் பத்து நிமிசம் வாப்பா.”

அந்தப் பத்து நிமிடத்தில் பெற்றரி அறிக்கை எடுத்தேன். கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ஆங்கில எழுத்தில் பவர்சிஎப்ஜி என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, பெற்றரிரிப்போர்ட் என்று ஒரே சொல்லாகத் தட்டினால் விண்டோஸ் ஓர் அறிக்கையைத் தயாரிக்கும். அதில் இரண்டு எண்கள் முக்கியம்: பெற்றரி செய்யப்பட்டபோது இருந்த கொள்ளளவு, இன்று முழுதாக ஏற்றினால் கொள்ளும் அளவு. அந்தக் கணனியில் முதலாவது 51,000, இரண்டாவது 22,000. அதாவது நூற்றுக்கு 43. பெற்றரியை மாற்றிக்கொள்ளலாம் என்று அடுத்த சோதனைக்குப் போனேன். மீள ஆரம்பித்து பயோஸுக்குள் போகப் பார்த்தால், கடவுச்சொல் கேட்டது. கடைக்காரருக்கும் அது தெரியவில்லை. முன்பு பாவித்த நிறுவனம் போட்ட பூட்டு திறக்கப்படாமல் இருந்தால், பிறகு இயங்குதளத்தை மாற்றும்போது நாம்தான் மாட்டிக்கொள்வோம். வேண்டாம் என்றேன். வெளியே வந்து வாப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அடுத்த கடையிலும் இப்படியே பார்” என்றார்.

நான் கொப்பியில் எழுதி வைத்திருந்த சோதனைகள் இவை:

• வெளித்தோற்றம்: மூடியை மெதுவாகத் திறந்து மூட வேண்டும். மூட்டருகே வெடிப்பு இருக்கக் கூடாது. திருகாணித் தலைகளிலும் துளைகளிலும் துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடற்கரை ஊர்க்காரர்களான நமக்கு உப்புக்காற்று செய்வது தெரியும்.

• விசைப்பலகை: வெற்று ஆவணம் ஒன்றைத் திறந்து ஒவ்வொரு விசையையும் தட்ட வேண்டும்.

• திரை: முழு வெள்ளைப் படம், முழுக் கறுப்புப் படம் இரண்டையும் வைத்துப் புள்ளிகளையும் கறைகளையும் தேட வேண்டும்.

• துளைகள்: ஒரு பென்டிரைவ் கொண்டு போய் எல்லா யூ.எஸ்.பி. துளைகளிலும் செருகிப் பார்க்க வேண்டும். கமரா, ஒலிவாங்கி, ஒலிபெருக்கி, வைபை ஆகியவற்றையும் இயக்க வேண்டும்.

• விவரம்: செயலி, ரேம் அளவுகளைக் கணனியின் அமைப்புப் பக்கத்திலேயே வாசிக்க வேண்டும். ஒட்டியையோ வாய்ச்சொல்லையோ மட்டும் நம்பக் கூடாது. விண்டோஸ் முறைப்படி செயற்படுத்தப்பட்டுள்ளதா என்பதும் அங்கேயே தெரியும்.

• பயோஸ்: கணனி ஆரம்பிக்கும்போது டெல்லில் எப்2, எச்.பி.யில் எப்10, திங்பேட்டில் எப்1 விசையை அழுத்தினால் உள்ளே போகலாம். பூட்டு இருக்கக் கூடாது.

• வெப்பம்: இருபது நிமிடம் காணொளி ஓடவிட்டு அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். விசிறியில் கரகர சத்தம் வரக் கூடாது.

5. பெற்றோர்களுக்கு ஒரு சொல்

உத்தரவாதத்தை எழுத்தில் கேளுங்கள். பற்றுச்சீட்டில் கணனியின் தொடரிலக்கமும், எத்தனை மாதம், எந்தப் பாகங்களுக்கு என்பதும் இருக்க வேண்டும். பற்றுச்சீட்டே தரமாட்டேன் என்பவரிடம் எடுக்க வேண்டாம். அது களவுபோன கணனியாகவும் இருக்கக்கூடும்.

தவணைக்கு எடுப்பதாக இருந்தால், மொத்தமாகக் கட்டும் தொகையை ரொக்க விலையோடு ஒப்பிடுங்கள். எங்கள் வாப்பா வட்டி சேரும் எதையும் தொடமாட்டார். அதனால்தான் உம்மாவின் சீட்டு முடியும்வரை காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பு எனக்குப் படிக்க நேரம் தந்தது.

பொருளின் குறையை மறைத்து விற்கக் கூடாது என்று இஸ்லாம் பாடத்தில் படிக்கிறோம். ஆகவே, “இதில் என்ன குறை இருக்கிறது?” என்று விற்பவரிடம் நேரே கேட்பது மரியாதைக் குறைவல்ல. இரண்டாவது கடைக்காரரிடம் நான் அப்படிக் கேட்டபோது, “மூடியில் ஒரு கீறல், ஒரு யூ.எஸ்.பி. துளை கொஞ்சம் தளர்வு” என்று அவரே காட்டினார். மற்ற எல்லாம் சோதனையில் சரியாக வந்தன.

6. எடுத்தது எது?

டெல் லாட்டிடியூட் 5490. ஐ5-8250யூ, 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இன்னொரு ரேமுக்கு இடம் காலியாக இருக்கிறது. பெற்றரி 51,000 இல் 39,000, நூற்றுக்கு 76. ஆறு மாத எழுத்து மூல உத்தரவாதம். விலை 78,000 ரூபாய்.

வீட்டுக்கு வந்து ஒரு கணக்குப் பார்த்தேன். ராத்தாவின் கணனி ஐந்து மாதத்துக்கு 55,000. மாதம் 11,000 ரூபாய். இது நான்கு வருடம் உழைத்தால், இன்ஷா அல்லாஹ், மாதம் 1,625 ரூபாய். விலை என்பது கடையில் கொடுக்கும் தொகை மட்டுமல்ல, எத்தனை மாதம் உழைக்கிறது என்பதும் அதற்குள் அடங்கும். உம்மாவுக்கு இந்தக் கணக்கைச் சொன்னபோது, “அப்ப அது காப்பை விடவும் விலை கூடிய லெப்டொப்தான்” என்று சிரித்தார்.

பிறகு அலுமாரியின் மேல் தட்டிலிருந்த கணனியை இறக்கினேன். தாய்ப்பலகை போனால் உள்ளிருப்பவையும் போய்விடும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தோம். அது தவறு. வன்றட்டு தனிப் பாகம். ஊரில் ஒரு திருத்துபவர் அதைக் கழற்றி, யூ.எஸ்.பி. இணைப்புள்ள சிறு உறையில் போட்டுத் தந்தார். புதிய கணனியில் செருகியதும் ராத்தாவின் முதலாம் வருடக் குறிப்புகள் எல்லாம் அப்படியே வந்தன. ஒரு கோப்புறையில், மௌத்தாவதற்கு முந்திய பெருநாளில் உம்மம்மா எங்களோடு எடுத்த படங்களும் இருந்தன. ராத்தா நீண்ட நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அந்த வன்றட்டுத்தான் எங்கள் வீட்டுப் பிரதிப் பெட்டி. வெள்ளிக்கிழமைகளில் என் பாடக் கோப்புகளையும் ராத்தாவின் கோப்புகளையும் அதில் ஒரு பிரதி எடுத்து வைக்கிறேன். எவ்வளவு பார்த்து எடுத்தாலும் கணனி ஒரு நாள் நிற்கும். அன்று நாம் செய்த வேலையும் அதோடு போய்விடக் கூடாது.