உயரமும் பெருங்குடல் புற்றுநோயும்: குடும்பத்தில் யார், எப்போது பரிசோதித்துக்கொள்ள வேண்டும்?



பெருங்குடல் புற்றுநோய்க்காக வேறோர் ஊரில் அறுவை சிகிச்சை பெற்று நலமுடன் வாழ்ந்துவரும் 60 வயதுப் பெரியவர் ஒருவர், மறுபரிசோதனைக்காக முதன்முறையாகச் சூரமங்கலத்தில் எங்களிடம் வந்திருந்தார். நோய் கண்டறியப்பட்டபோது அவருக்கு வயது 47. உடன் வந்த மகனுக்கு வயது 31. ஆறடியைத் தாண்டிய உயரம். "உயரமானவர்களுக்கு இந்த நோய் அதிகம் வருமாமே டாக்டர், செய்தியில் படித்தேன். எனக்கு உடனே கொலனோஸ்கோபி செய்துவிடலாமா?" என்று அவர் கேட்டார். அவருடைய அக்காவுக்கு வயது 37. ஐந்தடிக்கும் சற்றுக் குறைவானவர். "நல்லவேளை, நான் குள்ளம். எனக்குக் கவலையில்லை" என்று அவர் சிரித்தார். பெரியவரின் தம்பி, 54 வயதினர், கதவோரம் அமர்ந்திருந்தார். அவர் எதுவும் கேட்கவில்லை.

அம்மூவருக்கும் அன்று நாங்கள் கூறிய விடையே இந்த இதழின் பாடம். அவர்களுடைய இசைவுடன், அடையாளங்களைத் தவிர்த்து எழுதுகிறோம்.

ஆய்வு கூறுவது என்ன?

அந்த இளைஞர் படித்த செய்தி பொய்யன்று. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ ஆய்வாளர்கள், பல நாடுகளில் முன்பே நடந்த 47 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்து, 2022-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றில் 2,80,000-க்கும் மேற்பட்ட பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகளின் விவரங்கள் அடங்கியிருந்தன. மிகக் குறைந்த உயரப் பிரிவினரைவிட மிக உயரமான பிரிவினருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு 24 விழுக்காடு மிகுதி என்று அவர்கள் கண்டனர். உயரம் 10 செ.மீ., அதாவது ஏறத்தாழ நான்கு அங்குலம் கூடும்போது நோய் வாய்ப்பு 14 விழுக்காடு கூடுகிறது. பிற்காலத்தில் புற்றாக மாறக்கூடிய அடினோமா வகைச் சதைமொட்டுகள் தோன்றும் வாய்ப்பு 6 விழுக்காடு கூடுகிறது. உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியமும் தன் 2017 அறிக்கையில், மது, பதப்படுத்திய இறைச்சி, மிகை உடற்கொழுப்பு ஆகியவற்றோடு உயரத்தையும் உறுதியான சான்றுள்ள காரணிகளுள் சேர்த்துள்ளது.

விழுக்காட்டை எவ்வாறு படிப்பது?

"14 விழுக்காடு கூடுதல்" என்றவுடன், நூறு பேரில் பதினான்கு பேருக்கு நோய் வரும் என்று பலரும் எண்ணிவிடுகின்றனர். அது தவறு. ஆயிரம் பேர் கொண்ட ஒரு கூட்டத்தில், வாழ்நாளில் ஐவருக்கு இந்நோய் வருவதாக வைத்துக்கொள்வோம். அதே கூட்டத்தினர் ஒவ்வொருவரும் நான்கு அங்குலம் உயரமாக இருந்திருந்தால், அந்த ஐந்து என்பது ஆறைக்கூட எட்டாது. உயரத்தால் வரும் கூடுதல் உண்மையானது, ஆனால் சிறியது.

எனவே உயரமானவர் அஞ்ச வேண்டியதில்லை. உயரம் குறைந்தவருக்கோ அது கவசமும் ஆகாது. உயரம் குறைந்தவரிடமும் குடல் உண்டு. வயதும் குடும்ப வரலாறும் உண்டு.

உயரத்துக்கும் குடலுக்கும் என்ன தொடர்பு?

இதற்கு மருத்துவர்கள் சில விளக்கங்களை முன்வைக்கின்றனர். வளர்ந்த மனிதரின் பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுடையது. உடல் பெரிதாயின் உறுப்பும் சற்றுப் பெரிதாகும்; உயிரணுக்களும் மிகும். ஒவ்வோர் உயிரணுவும் பிரியும்போது பிழை நேரும் வாய்ப்பு உண்டாதலால், எண்ணிக்கை கூடக் கூடப் பிழைக்கான வாய்ப்பும் கூடுகிறது.

வளர்ச்சிச் சுரப்பு மற்றொரு விளக்கம். அதன் தூண்டுதலால் கல்லீரலில் உருவாகும், இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணி, எலும்பை வளர்ப்பதோடு குடல் உயிரணுக்களையும் பெருகத் தூண்டுகிறது. வளர்ச்சிச் சுரப்பு மிகையாகச் சுரக்கும் அக்ரோமெகலி நோயாளிகளிடம் குடல் சதைமொட்டுகள் மிகுதியாகக் காணப்படுவதால், அவர்களுக்குக் கொலனோஸ்கோபி பரிந்துரைக்கப்படுகிறது. இதற்கு நேர்மாறாக, ஈக்வடார் நாட்டின் தென்பகுதியில், பிறவியிலேயே வளர்ச்சிச் சுரப்பை ஏற்காத உடலமைப்புக் கொண்ட, மிகக் குறைந்த உயரமுடைய சுமார் நூறு பேரை மருத்துவர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கவனித்துவந்தனர். அவர்களிடம் புற்றுநோய் மிக அரிதாகவே காணப்பட்டது.

இங்குப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். குழந்தை உயரமாக வளர்ந்தால் நோய் வருமோ என்று பாலையும் முட்டையையும் குறைத்துவிடாதீர்கள். 1914-க்கும் 2014-க்கும் இடைப்பட்ட நூறாண்டுகளில் இந்திய ஆண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 3 செ.மீ., பெண்களின் உயரம் ஏறத்தாழ 5 செ.மீ. கூடியிருக்கிறது. ஊட்டமும் நலவாழ்வும் மேம்பட்டதன் அடையாளம் அது. பால் உணவுகள் இந்நோய் வாய்ப்பைக் குறைக்கக்கூடும் என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. சத்துணவுத் தட்டில் வரும் நாமக்கல் முட்டையைக் குழந்தை மகிழ்ச்சியோடு உண்ணட்டும்.

உயரத்தைவிட முதன்மையான மூன்று கேள்விகள்

முதலாவது, இரத்தக் கசிவு போன்ற அறிகுறி உண்டா? மலத்தில் இரத்தம், சில வாரங்களாக மாறிய மலப்பழக்கம், காரணமின்றி எடை குறைதல், இரத்தசோகை ஆகியவை இருந்தால் வயதையும் உயரத்தையும் பார்க்க வேண்டியதில்லை. உடனே மருத்துவரைக் காண வேண்டும். நம் பகுதியில் மலத்தில் இரத்தம் கண்டவுடன் "மூலம்தான்" என்று தாமே முடிவுசெய்து, களிம்பு தடவி மாதங்களைக் கடத்துவோர் பலர். மூலமாகவும் இருக்கலாம்; ஆனால் அதைப் பரிசோதித்த பின்னரே கூற முடியும். மலக்குடலின் கீழ்ப்பகுதியில் உள்ள கட்டியை மருத்துவர் கையுறை அணிந்த விரலாலேயே உணர முடியும். ஓரிரு நிமிடங்களில் முடியும் அச்சோதனைக்குக் கூச்சப்பட வேண்டாம்.

இரண்டாவது, குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில் இந்நோய் வந்தது? பெற்றோர், உடன்பிறந்தோர், மக்கள் ஆகியோருள் ஒருவருக்கு வந்திருந்தால், மற்றவர்கள் 40 வயதில், அல்லது அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்னதாக, இவ்விரண்டில் எது முந்தியதோ அப்போது பரிசோதனையைத் தொடங்க வேண்டும். ஒரே குடும்பத்தில் பலருக்கு வந்திருந்தால், லிஞ்ச் நோய்க்குறி எனப்படும் மரபுவழி நோயாக இருக்கலாம். அத்தகையோருக்குப் பரிசோதனை இருபதுகளிலேயே தொடங்கும்.

மூன்றாவது, வயது என்ன? அறிகுறியும் குடும்ப வரலாறும் இல்லாதவர்களுக்குப் பரிசோதனையைத் தொடங்கும் வயதை அமெரிக்க வல்லுநர் குழு 2021-இல் 50-இலிருந்து 45-ஆகக் குறைத்தது. நம் நாட்டு அரசின் முன்கண்டறிதல் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்கள் இடம்பெற்றுள்ளன. பெருங்குடலுக்கு அவ்வாறான நாடுதழுவிய திட்டம் இல்லை. ஆகையால் 45 வயதைக் கடந்தவர்கள் தாமே முன்வந்து மருத்துவரிடம் கேட்டறிவது நன்று. மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஒரே ஆண்டில் பதிவுசெய்த 800 நோயாளிகளின் சராசரி வயது 47 என்பதையும் மறக்க வேண்டாம்.

எந்தப் பரிசோதனையைத் தேர்ந்தெடுப்பது?

மல மாதிரிப் பரிசோதனை: கண்ணுக்குப் புலப்படாத இரத்தத்தை மலத்தில் கண்டறியும் சோதனை இது. ஃபிட் எனப்படும் இன்றைய முறைக்கு உணவுக் கட்டுப்பாடோ குடல் சுத்தமோ தேவையில்லை. ஆண்டுக்கொரு முறை செய்ய வேண்டும். நூறு புற்றுகளில் ஏறத்தாழ 75 முதல் 80 வரை இது கண்டுபிடிக்கும். ஆனால் சதைமொட்டுகளில் பெரும்பாலானவற்றைத் தவறவிடும். இரத்தம் உண்டு என்று வந்தால் அடுத்த படி கொலனோஸ்கோபியே. "இன்னொரு முறை மலத்தைச் சோதித்துப் பார்ப்போம்" என்று தள்ளிப்போடுவது தவறு. மலப் பரிசோதனையின் பயன் நெடுங்காலம் முன்பே நிறுவப்பட்டது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 46,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 1993-இல் வெளியான ஆய்வில், ஆண்டுதோறும் மலத்தைச் சோதித்துக்கொண்டவர்களிடம் இந்நோயால் நேரும் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

கொலனோஸ்கோபி: முனையில் கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடல் முழுவதையும் பார்க்கும் முறை. சதைமொட்டைக் கண்டால் அப்போதே அகற்றிவிடலாம். சதைமொட்டு புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டுகள் வரை ஆவதால், சராசரி வாய்ப்புடையவர்களுக்கு முடிவு இயல்பாக இருந்தால் பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை போதும். குடும்ப வரலாறு உள்ளவர்களுக்கு இடைவெளி ஐந்து ஆண்டுகளாகக் குறையும். முதல் நாள் எளிய உணவும், பேதி மருந்துக் கரைசலும் உண்டு. குடல் சுவரில் துளை விழும் ஆபத்து ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. சர்க்கரை நோய்க்கோ, இரத்தம் உறையாமைக்கோ மருந்து உட்கொள்பவர்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

குடும்ப வரலாறோ அறிகுறியோ உள்ளவர்களுக்கு நாங்கள் கொலனோஸ்கோபியையே பரிந்துரைக்கிறோம். மற்றவர்கள் தம்மால் தவறாமல் தொடர முடிந்த சோதனையைத் தேர்ந்துகொள்ளலாம். அச்சத்தால் பத்து ஆண்டுகள் தள்ளிப்போடும் கொலனோஸ்கோபியைவிட, ஆண்டுதோறும் செய்துகொள்ளும் மலப் பரிசோதனை மேலானது.

சேலத்து வெயிலும் மல மாதிரியும்

மலத்தில் உள்ள இரத்தக் கூறு வெப்பத்தில் சிதைந்துவிடும். இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் நடந்த ஆய்வில், குளிர்காலத்தைவிடக் கோடையில் இரத்தம் கண்டறியப்படுவது குறைந்தது. அங்கேயே அவ்வாறெனில், சித்திரை வெயிலில் ஓமலூரிலிருந்தும் இராசிபுரத்திலிருந்தும் பேருந்தில் வரும் மாதிரிக்கு எவ்வளவு கவனம் தேவை என்பதை எண்ணிப் பாருங்கள். காலையில் எடுத்த மாதிரியை அன்று காலையிலேயே கொண்டுவருக. இருசக்கர வண்டியின் பெட்டியிலோ, வெயிலில் நிற்கும் காரிலோ வைக்க வேண்டாம். உடனே வர இயலாவிடில், எவ்வாறு குளிரில் பாதுகாப்பது என்று ஆய்வகப் பணியாளரிடம் கேட்டுக்கொள்க.

அக்குடும்பத்துக்கு நாங்கள் கூறிய விடை

தந்தைக்கு நோய் கண்ட வயது 47. பத்தைக் கழித்தால் 37. பரிசோதனைக்கு உரிய காலம் வந்தது உயரமான தம்பிக்கன்று, "நான் குள்ளம்" என்று சிரித்த அக்காவுக்கே. அவருக்குச் செய்த கொலனோஸ்கோபியில் ஒரு சதைமொட்டு இருந்தது, அப்போதே அகற்றப்பட்டது. தம்பிக்கு இன்னும் ஆறு ஆண்டுகள் உள்ளன. அறிகுறி ஏதும் தோன்றினால் மட்டும் அதற்குமுன் வர வேண்டும் என்று கூறி, அந்த ஆண்டை அவருடைய மருத்துவக் குறிப்பேட்டில் எழுதிக் கொடுத்தோம்.

பிறகு கதவோரம் இருந்த சித்தப்பாவிடம் கேட்டோம். எட்டு மாதங்களாக இரத்தம் போவதாகவும், மூலத்துக்கான களிம்பு தடவிவருவதாகவும், அண்ணனைப் பயமுறுத்த வேண்டாமென்று வீட்டில் சொல்லவில்லை என்றும் தயங்கியபடி கூறினார். அன்றே பரிசோதித்தோம். மலக்குடலில் கட்டி இருந்தது. பரவுவதற்குமுன் கண்டறிந்ததால் சிகிச்சை பெற்று, இப்போது அண்ணனும் தம்பியும் ஒரே நாளில் மறுபரிசோதனைக்கு வருகின்றனர்.

வீட்டில் கலந்துபேசுவதற்கு

1. நம் குடும்பத்தில் யாருக்குக் குடல் புற்றுநோய் வந்தது? அப்போது அவருக்கு வயது என்ன?

2. அந்த வயதில் பத்தைக் கழித்தால் வரும் எண்ணையும் 40-ஐயும் ஒப்பிட்டால், யாருக்கு இப்போது பரிசோதனைக் காலம்?

3. மலத்தில் இரத்தம் கண்டும் சொல்லாமல் இருப்பவர் நம் வீட்டில் யாரேனும் உண்டா?

இம்மூன்றுக்கும் உரிய விடைகளை ஒரு தாளில் எழுதி, அடுத்த வருகையின்போது எங்களிடம் கொண்டுவர வேண்டுகிறோம்.