மங்காயாவின் கந்தகம்

கேள்வி: கடல்தரை பூமிக்குள் அமிழும்போது அதிலுள்ள நீர், கந்தகம், நைட்ரஜன் எல்லாம் மேலோட்டுக்கு அடியிலுள்ள கவசத்துக்குள் போய்விடுகின்றன என்று படித்தேன். எரிமலை வழியாக அவை வெளியே வந்தால், ஒருகாலத்தில் மேலே இருந்தவைதான் என்று எப்படிச் சொல்கிறார்கள்? கந்தகம் எங்கிருந்து வந்தாலும் கந்தகம்தானே?

– வாசகர், கரூர்

பதில்: வேதியியல் குணத்தில் கந்தகம் கந்தகம்தான். ஆனால் அதன் அணுக்கள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. எடை வேறுபட்ட இந்த அணு வகைகள்தான் ஐசோடோப்புகள். ஒரு தனிமம் எங்கே இருந்தது என்பதை அதன் ஐசோடோப்புகளின் விகிதம் பல சமயம் காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் வலுவான சான்று தந்தது பெரிலியம்-10. எளிதில் ஆவியாகும் தனிமம் அல்ல என்றாலும், மேலே இருந்த பொருள் உள்ளே போய்த் திரும்புகிறது என்பதை நிறுவியது இதுதான். காஸ்மிக் கதிர்கள் காற்றைத் தாக்கும்போது உண்டாகி, மழையோடு இறங்கி, கடலடி வண்டலில் சேர்கிறது. அரை ஆயுள் சுமார் 14 லட்சம் ஆண்டுகள். எனவே பூமி பிறந்தபோது இருந்தது எதுவும் இன்று மிச்சமிருக்க வழியில்லை. ஆனாலும் 1980களில் அலூஷியன் தீவுகளிலும் மத்திய அமெரிக்காவிலும் புதிய எரிமலைப் பாறைகளில் அது கிடைத்தது. வண்டல் உள்ளே போய், சில பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் மேலே வந்திருக்கிறது.

கந்தகத்தின் கதை இன்னும் ஆழமானது. அதற்கு நிலையான ஐசோடோப்புகள் நான்கு: 32, 33, 34, 36. சாதாரண வினைகளில் 34-இன் அளவு எவ்வளவு மாறுகிறதோ, ஏறக்குறைய அதில் பாதிதான் 33-இன் அளவு மாறும். எடை வித்தியாசம் பாதி என்பதே காரணம். சுமார் 245 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை காற்றில் ஆக்சிஜனும் இல்லை, ஓசோன் படலமும் இல்லை. புறஊதாக் கதிர்கள் எரிமலைகள் கக்கிய கந்தக டை ஆக்சைடை நேரடியாகச் சிதைத்தன. அப்போது மட்டும் இந்தப் பாதிக் கணக்கு பிசகியது. அந்தப் பிசகு கடலடிப் படிவுகளில் பதிந்தது. ஆக்சிஜன் பெருகியதும் அது நின்றுபோனது. கவசத்தின் வெப்பமோ அழுத்தமோ அதை உண்டாக்குவதில்லை.

தென் பசிபிக்கில், குக் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த மங்காயா தீவின் எரிமலைப் பாறைகளுக்கு வயது சுமார் 2 கோடி ஆண்டுகள்தான். அவற்றிலுள்ள ஆலிவின் படிகங்களுக்குள் சிறைப்பட்டிருந்த சல்பைடு துணுக்குகளில் அதே பிசகு இருப்பதை 2013இல் கண்டார்கள். இந்தத் துறையில் இவ்வளவு சந்தேகத்துக்கு இடமில்லாத சான்று வேறு இல்லை என்பது என் கருத்து. நைட்ரஜனிலும் விகிதம் பார்க்கிறோம். ஆனால் அமிழும் கடல்தரைத் தட்டு சூடேறும்போது இலேசான நைட்ரஜன் முந்திக்கொண்டு வெளியேறுவதால் விகிதமே வழியில் மாறிவிடும். மங்காயாவின் கந்தகத்தில் அந்தக் குழப்பம் இல்லை. 245 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய வானத்தின் கீழ் இருந்த பொருள், கவசத்தில் முழுவதுமாகக் கலந்து கரையாமல் இத்தனை காலம் தாக்குப்பிடித்திருக்கிறது.

ஆனால் மந்த வாயுவான செனான் வேறு கணக்குச் சொல்கிறது. காற்றிலுள்ள செனானின் ஐசோடோப் விகிதம் ஆதிகாலத்தில் மெல்ல மாறிக்கொண்டே வந்து, பிறகு நிலைபெற்றது. கவசத்துக்குள் போய்ச் சேர்ந்த செனானை ரீட்டா பராய், சுஜாய் முகோபாத்யாய் இருவரும் 2018இல் ஆராய்ந்தபோது, அது பெரும்பாலும் பிற்காலக் காற்றின் செனானாகவே இருந்தது. 250 கோடி ஆண்டுகளுக்கு முன் அது குறிப்பிடத்தக்க அளவில் உள்ளே போகவில்லை என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். இரண்டும் முரண்பட வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். கந்தகம் திடமான கனிமமாகவே உள்ளே போக முடியும். செனானுக்கு நீரேறிய கனிமங்கள் வேண்டும். அன்றைய பூமி இன்றைவிடச் சூடானது. அமிழ்ந்த தட்டுகள் ஆழம் போகுமுன்பே அந்த நீரை இழந்திருக்கும்.