குடும்பவழி வரும் இரத்த உறைவு: மறவாது சொல்ல வேண்டிய செய்தி

ஆலங்காயத்திலிருந்தும் ஜவ்வாது மலைக் கிராமங்களிலிருந்தும் வரும் நோயாளர்களிடம் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "உங்கள் குடும்பத்தில் ஐம்பது வயதுக்குள் எவருக்கேனும் இரத்தம் உறைந்து அடைப்பு ஏற்பட்டதா?" பலரும் உடனே "இல்லை" என்கின்றனர். சற்றுப் பேசிய பின்னரே, பிரசவமான சில நாட்களில் வலிப்பு வந்து இறந்த சித்தியோ, ஒற்றைக்கால் வீங்கி மூச்சடைத்து இறந்த பெரியப்பாவோ நினைவுக்கு வருகின்றனர்.

உறைதலும் அதன் கடிவாளமும்

காயம்பட்ட இடத்தில் இரத்தம் உறைவது உயிரைக் காக்கிறது. அது அளவோடு நிற்க ஆன்டித்திராம்பின், புரதம் சி, புரதம் எஸ் ஆகியவை கடிவாளமாக அமைகின்றன. இவற்றுள் ஒன்று பிறவியிலேயே குறைந்திருந்தால், சிரைகளில் தேவையின்றி இரத்தம் உறையக்கூடும். ஆன்டித்திராம்பின் குறைவு குடும்பவழி வருவதை 1965இல் நார்வே மருத்துவர் ஓலாவ் எகெபெர்க் எடுத்துக்காட்டினார். 1994இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கண்டறியப்பட்ட ஐந்தாம் உறைகாரணியின் மரபணு மாற்றம் ஐரோப்பியரிடையே மிகுதி. நம் நாட்டில் அதைவிடக் குறைவு. ஆகவே, அந்த ஒரு சோதனையில் மாற்றம் இல்லை என வந்தாலும், மற்றக் குறைகள் இல்லை என்று கொள்ளலாகாது.

எவருக்கு வரும்?

பெற்றோரில் ஒருவருக்கு இக்குறை இருப்பின், மகனாயினும் மகளாயினும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. குறை இருப்பவர் பலருக்கு வாழ்நாளில் ஒருமுறையும் உறைவு ஏற்படுவதில்லை, அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும், தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் என உறவுக்குள் மணம் முடிக்கும்போது இருவருக்கும் ஒரே குறை இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அப்போது நான்கில் ஒரு வாய்ப்பாகக் குழந்தை இருபுறமிருந்தும் அதைப் பெறக்கூடும். புரதம் சி அவ்வாறு முற்றிலும் குறைந்த குழந்தைக்குப் பிறந்த சில நாட்களுக்குள் தோலில் கருநீலத் திட்டுகள் தோன்றி உயிருக்கே ஆபத்து நேரலாம்.

கவனம் மிக வேண்டிய காலங்கள்

அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, நெடுநாள் படுக்கை, கருத்தடை மாத்திரை, கர்ப்பம், பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்கள். கர்ப்பகாலத்திலும் பேறுகாலத்திலும் மூளை இரத்தக்குழாய்கள் அடைபட்ட 135 பேரைப் பற்றிய ஆய்வை மருத்துவர் கே. சீனிவாசன் 1983இல் வெளியிட்டார். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைத்து, எழவிடாமல் படுக்க வைக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

குடும்பத்தில் நிகழ்ந்த உறைவையும் அப்போதைய வயதையும் எழுதி வைத்து, அறுவை சிகிச்சைக்கோ பிரசவத்துக்கோ முன்னரே காட்டுங்கள். தேவைப்பட்டால் ஹெப்பாரின் ஊசி போட்டுத் தடுக்க இயலும். வார்ஃபரின் உட்கொள்ளும் பெண்கள் கருவுற விரும்பினால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அம்மருந்து கருவுக்குத் தீங்கு செய்யும். கர்ப்பமும் வார்ஃபரினும் சில சோதனை முடிவுகளை மாற்றிக் காட்டும். ஆகவே சோதனைக்குரிய காலத்தை மருத்துவரே முடிவு செய்யட்டும்.

ஒற்றைக்கால் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, பிரசவத்துக்குப் பின் கடுந்தலைவலி அல்லது வலிப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியும்வரை காத்திராமல் 108ஐ அழையுங்கள். மலையிலிருந்து இறங்கவே நேரமாகும், அந்நேரத்தையும் இழக்கலாகாது.