அறிவியல் வகுப்பில் படைப்பும் பாடமா?

என் மகள் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. பரிணாமம் நடத்தும்போது, கடவுள் படைத்தார் என்பதையும் ஆசிரியர் சேர்த்துச் சொல்லலாமே? வீட்டில் நாங்கள் நம்புவது அதைத்தானே?
– ஷூ கம்பெனித் தொழிலாளி, ஆம்பூர்

அறிவியல் வகுப்பில் வேண்டாம், ஐயா. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28-வது பிரிவு. அது உங்களுக்கும் பாதுகாப்புதான். ஆம்பூரில் ஒரே பெஞ்சில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகள் உட்காருகிறார்கள். ஆசிரியர் யாருடைய படைப்பைச் சொல்வார்? எதைச் சொன்னாலும் மற்றவர் வீட்டு நம்பிக்கையில் அரசு தலையிட்டதாகிவிடும்.

மகளின் பக்தி போய்விடுமோ என்று பயப்படாதீர்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை, மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-ல் தொடங்கியது. மருந்துக்கு அடங்காத கிருமிகளோடு அங்கேயும் போராடுகிறார்கள். கிருமி அப்படி மாறுவது பரிணாமத்தால்தான். ஜெபமும் ஆய்வுக்கூடமும் அங்கே ஒரே வளாகத்தில் இருக்கின்றன.

உண்மையான கவலை வேறு. 2023-ல் மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதி போய்விட்டது. அதைக் கண்டித்து விஞ்ஞானிகள், ஆசிரியர்கள் என 1,800-க்கும் மேற்பட்டோர் ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். ஆனால் நம் மாநிலப் பாடநூலில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' தனிப் பாடமாகவே இருக்கிறது. மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வின் பாடத்திட்டத்திலும் பரிணாமம் உண்டு.

படைப்பைப் பற்றி வீட்டில் நீங்கள் சொல்லுங்கள். பள்ளியில் பரிணாமப் பாடத்தை அவசரமாகத் தாண்டினால், முழுதாக நடத்தும்படி பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தயங்காமல் கேளுங்கள்.